டாவின்சி ரிசால்வ்: எது சும்மா, எதுக்கு காசு? ரெண்டு வெர்ஷனும் ஓட்டுன கல்யாண எடிட்டரோட ரிவ்யூ

கும்பகோணத்துல சின்னதா ஒரு எடிட்டிங் ரூம் வச்சிருக்கேன். கல்யாணம், வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு, காதுகுத்துன்னு வருஷத்துக்கு நாப்பது அம்பது வேலை வரும். வீடியோ எடிட் பண்ற சாஃப்ட்வேர்ல ஆரம்பத்துல எடியஸ், நடுவுல கொஞ்ச நாள் பிரீமியர், இப்ப நாலு வருஷமா டாவின்சி ரிசால்வ் மட்டும்தான். அதுல மொத ரெண்டு வருஷத்துக்கு மேல இலவச வெர்ஷன்லயே ஓட்டுனேன், அப்பறம்தான் காசு குடுத்து வாங்குற ஸ்டுடியோங்குற வெர்ஷனுக்கு மாறுனேன். கத்துக்க வர்ற பசங்க எல்லாரும் கேக்குறது ஒரே கேள்வி, "அண்ணே ஃப்ரீயே போதுமா, இல்ல ஸ்டுடியோ வாங்கணுமா". ஒவ்வொருத்தனுக்கும் தனித்தனியா சொல்றதுக்கு பதிலா ஒரேயடியா எழுதி வச்சிடலாம்னு உக்காந்துட்டேன். எந்த பட்டன் எங்க இருக்குன்னு சொல்ற ரிவ்யூ நிறைய இருக்கு. நான் பேசப்போறது, எந்த வசதிய சும்மா குடுக்கலாம், எதுக்கு காசு வாங்கலாம்னு ரிசால்வ் கம்பெனிக்காரங்க கோடு போட்ட இடத்த பத்தி. அந்த கோடு எங்க விழுதுன்னு பாத்தாலே கம்பெனி நம்மள எப்படி நினைக்குதுன்னு தெரிஞ்சிடும்.

மொதல்ல தப்பான இடத்துல போட்ட கோடு ஒண்ணு சொல்லிடறேன், அப்பதான் நல்ல கோடு எதுன்னு புரியும். எங்கிட்ட வர்ற ஒரு பையன் அவங்க அக்கா கல்யாணத்துக்கு மொபைல்லயே ஒரு டீசர் பண்ணான், ஆப் பேரு வேணாம், இலவசம்னு போட்டுதான் டவுன்லோட் பண்ண வச்சாங்க. ரெண்டு ராத்திரி உக்காந்து பாட்டுக்கு பீட் பீட்டா வெட்டி, எழுத்தெல்லாம் போட்டு, காலைல பொண்ணு வீட்டு குரூப்ல போடணும்னு எக்ஸ்போர்ட் அமுக்குறான், அப்ப வந்து சொல்லுது, நீ போட்ட ஒரு டிரான்சிஷன் பணம் கட்டுனவங்களுக்கு மட்டும்தான்னு. எது அதுன்னும் காட்டல. இதே டிரான்சிஷன போன மாசம் வரைக்கும் சும்மா போட்டுட்டுதான் இருந்தான், அப்டேட் வந்ததும் பூட்டிட்டாங்க. பந்தில உக்கார வச்சு, இலை போட்டு, சாதம் வச்சு, சாம்பார் ஊத்துற நேரத்துல கூப்பன் எங்கன்னு கேட்டா எப்படி இருக்கும்? காசு கேக்குறது தப்பே இல்ல, இலை போடறதுக்கு முன்னாடி கேளு. பையன் மூஞ்சிய பாக்க முடியல எனக்கு. அவன் உழைப்ப உள்ள வாங்கிட்டு வாசல்ல பூட்டு போடுறது எந்த விதத்துலயும் நியாயம் கிடையாது.

ரிசால்வ் இலவச வெர்ஷன்ல அந்த வாசல் திறந்தே இருக்கு. எக்ஸ்போர்ட் பண்ணா படத்து மேல கம்பெனி பேரு வராது, இத்தன நிமிஷத்துக்கு மேல கூடாதுன்னு கிடையாது, இத்தன நாள் மட்டும்னு கிடையாது. 3840க்கு 2160, அதாவது டிவில நாம 4கேன்னு சொல்ற அளவு வரைக்கும், செகண்டுக்கு 60 ஃபிரேம் வரைக்கும் வெளிய எடுக்கலாம். நம்ம ஊர்ல எந்த கல்யாண வீடு அதுக்கு மேல கேக்குது? பென்டிரைவ்ல போட்டு டிவில சொருகி பாக்குறாங்க, யூடியூப்ல ஏத்துறாங்க, அவ்ளோதான். வெட்டி ஒட்டுறது, கலர் பண்றது, ஃபியூஷன்ல டைட்டில் பண்றது, ஃபேர்லைட்ல சவுண்டு சரி பண்றதுன்னு எல்லா பேஜும் இருக்கு. கலர் பேஜ்ல எத்தன நோடு (கலர் மாத்துற ஒவ்வொரு படி) வேணாலும் போடலாம், பவர் விண்டோ போட்டு முகத்த மட்டும் தனியா பிடிச்சு டிராக் பண்ணலாம். ரெண்டு மூணு பேர் ஒரே ப்ராஜெக்ட்ல சேந்து வேலை பாக்குற வசதிகூட இப்ப இலவசத்துலயே வந்துடுச்சு, முன்னாடி அது ஸ்டுடியோல மட்டும்தான் இருந்துச்சு. ஸ்டுடியோல இருந்து எடுத்து இலவசத்துக்கு குடுத்தாங்கன்றத கவனிங்க, மத்தவங்க பெரும்பாலும் இதுக்கு நேர் எதிரா பண்றாங்க.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்ப பிடிச்சது. இலவசத்துல பண்ண ப்ராஜெக்ட் ஸ்டுடியோல அப்படியே திறக்கும், ஸ்டுடியோல பண்ணது இலவசத்துலயும் திறக்கும். வேற சாஃப்ட்வேருக்கு போகணும்னா நம்ம எடிட்ட எக்ஸ்எம்எல்னு ஒரு ஃபைலா எடுத்துக்கலாம், அதுக்கும் காசு கிடையாது. நம்ம வேலை நம்மளோடதாவே இருக்கு, அத பிணையா பிடிச்சு வச்சுக்கிட்டு யாரும் பேரம் பேசல.

இவங்களால எப்படி இது முடியுதுன்னு கேக்கலாம். ரிசால்வ் பண்ற பிளாக்மேஜிக் டிசைன் ஆஸ்திரேலியாவுல மெல்போர்ன் கம்பெனி, 2001ல கிராண்ட் பெட்டின்னு ஒருத்தர் ஆரம்பிச்சது. 2009ல டாவின்சிய வாங்குனாங்க. அதுக்கு முன்னாடி டாவின்சின்னா பெரிய சினிமா லேப்ல மட்டும் இருக்கும், தனி மெஷினோட சேத்து லட்சக்கணக்கான டாலர், நம்மள மாதிரி ஆளு கிட்டக்கூட போக முடியாது. வாங்குன அடுத்த வருஷம் மேக்குக்கு 995 டாலர்னு சாஃப்ட்வேர மட்டும் தனியா குடுத்தாங்க, 2011ல லைட்டுன்னு இலவச வெர்ஷன் வந்துச்சு. அந்த லைட்ல மொதல்ல ரெண்டே ரெண்டு நோடு. கலர் பண்றவங்களுக்கு தெரியும், ரெண்டு நோடுல ஸ்கின் டோன் சரி பண்றதுக்குள்ளயே தீந்துடும், அது பழகிப் பாக்கறதுக்கு மட்டும்தான். கொஞ்ச மாசத்துலயே அந்த கட்டுப்பாட்ட எடுத்துட்டாங்க. எச்டி வரைக்கும்தான்னு இருந்தது பின்னாடி 4கே வரைக்கும் வந்துச்சு. 2017ல 14ஆவது வெர்ஷன் வரும்போது ஸ்டுடியோ விலைய 995ல இருந்து 299 டாலருக்கு இறக்குனாங்க, இப்ப 295.

அவங்களுக்கு பெரிய வருமானம் வர்றது பெட்டி விக்கிறதுல, கேமரா, கேப்சர் கார்டு, ஸ்விட்சர், கலர் பண்ற பேனல் இதெல்லாம். பாக்கெட் சினிமா கேமரா வாங்குனா உள்ளயே ஸ்டுடியோ கீ வருது, ஸ்பீடு எடிட்டர்னு ஒரு சின்ன கீபோர்டு கூடவும் கீ குடுத்தாங்க. பையன் இலவசத்துல பழகுவான், நாளைக்கு வேலை பெருசாச்சுன்னா கேமராவோ பேனலோ இவங்கட்டயே வாங்குவான், அதான் கணக்கு. இதுல ஒளிச்சு வைக்க ஒண்ணுமில்ல. வெறும் சாஃப்ட்வேர மட்டும் வித்து பொழைக்கிற சின்ன கம்பெனியால இவ்ளோ தாராளமா இருக்க முடியாதுன்னு ஒத்துக்குறேன், அவங்கள இவங்களோட வச்சு திட்டுறது சரியில்ல. ஆனா கோட்ட எங்க போடணும்ங்குற பாடம் அவங்களுக்கும் பொருந்தும்.

சரி, நான் ஏன் ஸ்டுடியோ வாங்குனேன்னு சொல்றேன். ஒரு வெடிகாலை முகூர்த்தம், மாசி மாசம், நாலரைல இருந்து ஆறு. தாலி எடுத்து எல்லார்ட்டயும் தொட்டுக் கும்பிட காட்டிட்டு வர்றாங்க, டொப்புனு கரன்ட் போயிடுச்சு. ஜெனரேட்டர் எடுக்க ஆள் ஓடுறான், இங்க ஐயர் நேரம் போகுதுங்குறாரு, கெட்டிமேளம்னு கத்திட்டாரு, ஹோமத்து நெருப்பு வெளிச்சத்துலயும் ரெண்டு மூணு செல்போன் டார்ச்சுலயும் தாலி கட்டியாச்சு. கேமராமேன் ஐஎஸ்ஓவ (இருட்டுல படத்த வெளிச்சமாக்குற செட்டிங்) 25600க்கு ஏத்திட்டாரு, வேற வழியில்ல. ரூமுக்கு வந்து பாத்தா அரக்கு கூரைப்புடவை முழுக்க பச்சையும் நீலமுமா புள்ளி கொதிக்குது, பொண்ணோட தலைமுடி இருட்டுல எறும்பு மொய்ச்ச மாதிரி, நல்லா இருந்தது நெருப்பு விழுந்த பக்கம் பொண்ணோட கன்னமும் தாலிக்கயிறோட மஞ்சளும் மட்டும்தான். திரும்ப எடுக்க முடியுமா அத? மூணு மணி நேர வீடியோல அந்த குடும்பம் காலத்துக்கும் பாக்கப்போறது அந்த ஒரு நிமிஷத்ததான்.

நாய்ஸ் ரிடக்‌ஷன் (அந்த புள்ளிய குறைக்குற வசதி) ஸ்டுடியோல மட்டும்தான். ஆனா இலவசத்துலயும் அந்த பேனல் இருக்கு, கலர் பேஜ்ல மோஷன் எஃபெக்ட்ஸ்னு. ஏத்திப் பாத்தா வேலை செய்யுது, படத்து மேல மட்டும் குறுக்க எழுத்து வந்துடும், இது ஸ்டுடியோ வசதி, வாங்குறியான்னு ஒரு பெட்டி வரும். எனக்கு அது உறுத்தவே இல்ல, ஏன்னா எழுத்துக்கு நடுவுல என் கிளிப்பு, என் இருட்டு, அந்த பொண்ணோட முகம் சுத்தமாகுறத என் கண்ணால பாத்தேன். கடைக்காரர் புடவைய பிரிச்சு வெளிச்சத்துல காட்டுற மாதிரி. வேலை ஆரம்பிக்கும்போதே எது காசு எது சும்மான்னு தெரிஞ்சுபோகுது, எக்ஸ்போர்ட் வரைக்கும் காத்திருந்து கழுத்துல கத்தி வைக்கல. அன்னைக்கு சாயங்காலமே ஆர்டர் போட்டுட்டேன்.

அந்த நாய்ஸ் குறைக்குறதுல டெம்பொரல்னு ஒரு வகை, அது எப்படி வேலை செய்யுதுன்னா, முன்னாடி பின்னாடி இருக்குற ஃபிரேம எடுத்து பக்கத்துல வச்சு பாக்குது. நாய்ஸ் புள்ளி ஒவ்வொரு ஃபிரேம்லயும் இடம் மாறிட்டே இருக்கும், தாலி மாறாது, புடவை ஜரிகை மாறாது. மாறாதத வச்சுக்கிட்டு மாறுறத சராசரி எடுத்து அமுக்கிடுது. கை அசையுற இடத்துலதான் ஆபத்து, மாப்பிள்ளை முடிச்சு போடுற விரல் இழுபடும், அதனால ஃபிரேம் எண்ணிக்கைய 2க்கு மேல வைக்காம, மோஷன் எஸ்டிமேஷன பெட்டர்ல போட்டு, கலர் நாய்ஸ மட்டும் அதிகமா அடிச்சு, வெளிச்ச நாய்ஸ கொஞ்சமா விட்டேன். ரொம்ப அடிச்சா முகம் மெழுகு பொம்மை ஆயிடும். மொத நோடுலயே போட்டேன், கலர் எல்லாம் அதுக்கப்பறம். என் கிராஃபிக்ஸ் கார்டுல ரெண்டர் ஆமை மாதிரிதான் போச்சு, ஒரு நிமிஷ கிளிப்புக்கு டீ குடிச்சுட்டு வந்தும் முடியல. ஆனா கடைசில வந்த படத்த பாத்துட்டு பொண்ணோட அப்பா போன்ல ஒண்ணும் பேசல, கொஞ்ச நேரம் கழிச்சு "நல்லாருக்கு தம்பி"ன்னு மட்டும் சொன்னாரு.

இதத்தான் நான் நல்ல கோடுன்னு சொல்றேன். நாய்ஸ் ரிடக்‌ஷன் கத்துக்குற பையனுக்கு வேணாம். யாரோ ஒருத்தர் காசு குடுத்து ஒரு வேலைய நம்பி ஒப்படைச்சு, அதுல ஒரு சிக்கல் வந்தா அப்பதான் வேணும். அந்த நேரத்துல கைல காசும் இருக்கும், காசு குடுக்க மனசும் இருக்கும். மண்டபத்து எல்ஈடி லைட்டு மினுக்குறத நிறுத்துற டீஃபிளிக்கர், சத்தத்துக்கு நடுவுல பேச்ச மட்டும் தனியா எடுக்குற வாய்ஸ் ஐசொலேஷன், ஆள தானா பிரிச்சு எடுக்குற மேஜிக் மாஸ்க், முகத்த மெருகேத்துற ஃபேஸ் ரிஃபைன்மென்ட், இதெல்லாம் ஸ்டுடியோ பக்கம்தான் இருக்கு. எல்லாமே நேரத்த மிச்சம் பண்றது, இல்லனா கெட்டுப்போனத காப்பாத்துறது. மேஜிக் மாஸ்க் இல்லாட்டி பவர் விண்டோ போட்டு டிராக் பண்ணி அரை மணி நேரத்துல அதே வேலைய ஓரளவு முடிக்கலாம், இலவசத்துல நான் ரெண்டு வருஷம் அப்படித்தான் பண்ணேன், அதுலதான் கையும் பழகுச்சு. கைவேலைய சும்மா குடுத்து அவசரத்துக்கு காசு வாங்குறாங்க, எனக்கு இது நியாயமா படுது.

ஒரே ஒரு இடத்துல இவங்களோட எனக்கு ஒத்துப்போகல, அது 10 பிட், அதாவது 8 பிட்ட விட கலர நுணுக்கமா பதிவு பண்ற வீடியோ. இலவச வெர்ஷன் 8 பிட் வீடியோவுக்குத்தான்னு அவங்களே சொல்றாங்க. விண்டோஸ்ல எச்.265ங்குற ஃபார்மேட்ல பதிவான 4:2:2 10 பிட் கிளிப்ப இலவசத்துல போட்டா படம் வராது, சவுண்டு மட்டும் வரும். இந்த கோடு போட்ட காலத்துல 10 பிட்னா சினிமா கேமரா, அதுல ஷூட் பண்றவனுக்கு 295 டாலர் பெருசு இல்ல, அப்ப அது சரி. இப்ப நெலமை அது இல்ல. சோனில ஏ7 த்ரீ வரைக்கும் 8 பிட்தான், அடுத்து வந்த ஏ7 ஃபோர்லயே 10 பிட் 4:2:2 வந்துடுச்சு, நம்ம பக்கம் பாதி கல்யாணம் அந்த கேமராலதான் ஓடுது. ஒரு பையன் தவணைல கேமரா வாங்கி மொத வேலைய ஷூட் பண்ணிட்டு வந்து டைம்லைன்ல போடுறான், படமே வரலன்னா கேமரா ரிப்பேர்னு பயந்துடுவான், சாஃப்ட்வேர் கட்டுப்பாடுன்னு அவனுக்கு எப்படி தெரியும்? மத்த வசதி எல்லாம் இல்லாட்டியும் வேலை நடக்கும், படம் திறக்கலன்னா ஆரம்பிக்கவே முடியாது. அது மேல்வசதி கணக்குல வராது, வாசப்படி கணக்குல வரும். எச்டிய 4கே ஆக்குன மாதிரி, ரெண்டு நோட எடுத்த மாதிரி, இந்த கோட்டையும் கொஞ்சம் தள்ளிப் போடணும். அதுக்கு பதிலா வேற வசதிக்கு வேணா காசு வாங்கட்டும், 120 ஃபிரேம், 4கேக்கு மேல போற ரெசல்யூஷன்னு அவங்கட்ட வேற நிறைய இருக்கு.

அதுவரைக்கும் என்ன பண்றதுன்னா, ஷட்டர் என்கோடர்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதுல கிளிப்ப டிஎன்எக்ஸ்எச்ஆர் எச்க்யூஎக்ஸ்ங்குற எடிட்டிங் ஃபார்மேட்டுக்கு மாத்திட்டு ரிசால்வ்ல போட்டா திறக்கும், 10 பிட்டும் போகாது. ஃபைல் சைஸ் மட்டும் பல மடங்கு ஊதிடும், ஒரு கல்யாண பூட்டேஜ மாத்துனா 4 டிபி ஹார்ட்டிஸ்க் பத்தாது, அதனால ஹைலைட்ஸுக்கு எடுத்த கிளிப்ப மட்டும் மாத்துங்க. அதுக்கும் நேரம் இல்லன்னா கேமரால 8 பிட்ல வச்சு, எஸ்-லாக் (பின்னாடி கலர் பண்றதுக்குன்னு வெளிறுன மாதிரி எடுக்குற முறை) போடாம சாதா ப்ரொஃபைல்ல எடுங்க, 8 பிட்ல லாக் எடுத்து இழுத்தா வானத்துல பட்டை பட்டையா கோடு விழும்.

இலவசம்னு சொன்னாலும் கம்ப்யூட்டர் நல்லா இருக்கணும், இதையும் மறைக்காம சொல்லணும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத 8 ஜிபி லேப்டாப்ல ரிசால்வ் திணறும், எடியஸ் ஓடுன மெஷின்ல எல்லாம் இது ஓடாது. 16 ஜிபி ராம், கார்டு 6 ஜிபி மெமரி இருந்தா கல்யாண வேலைக்கு தாங்கும். இல்லாதவங்க ப்ராக்ஸி, அதாவது கிளிப்போட சின்ன சைஸ் காப்பி, போட்டு வெட்டுங்க, ப்ராக்ஸிக்கும் காசு கிடையாது.

விலை விஷயம். 295 டாலர நம்ம காசுக்கு மாத்தி வரி எல்லாம் சேத்தா முப்பதாயிரத்த ஒட்டி வரும். ஒரே தடவை. ஒரு கீல ரெண்டு மெஷின் ஓட்டலாம், என்னோட ரூம் கம்ப்யூட்டர்லயும் வீட்டு லேப்டாப்லயும் ஒரே கீதான். வெர்ஷன் மாறும்போதெல்லாம் இதுவரைக்கும் திரும்ப காசு கேட்டதில்ல, நான் வாங்குனதுக்கு அப்பறம் வந்த பெரிய அப்டேட் எல்லாம் அதே கீல வந்துடுச்சு. அடோபி 2013ல இருந்து மாசச்சந்தாவுக்கு போனது எல்லாருக்கும் தெரியும், மாசாமாசம் வருமானம் வர்ற பெரிய ஸ்டுடியோவுக்கு அது ஒத்துவரலாம், ஆனா ஆடி மாசம் ஒண்ணு, மார்கழி ஒண்ணு, ரெண்டு மாசமும் எனக்கு கல்யாணமே கிடையாது, அந்த மாசத்துக்கும் சந்தா போகும்ல? சீசன்ல சம்பாதிச்சு வருஷம் முழுக்க ஓட்டுற தொழிலுக்கு ஒரே தடவை குடுக்குற விலைதான் தூக்கம் குடுக்குது.

இதுல இன்னொரு நல்லது நடந்திருக்கு, அத சொல்லாம விடக்கூடாது. நான் தொழில் கத்துக்கிட்டப்ப எடிட்டிங் ரூம்னாலே கிராக்தான், அதாவது சாஃப்ட்வேரோட திருட்டு காப்பி, சிடில எழுதி பக்கத்து ஊர்ல இருந்து வாங்கிட்டு வருவோம், ஒரு தடவை அதுல வந்த வைரஸ்ல ரெண்டு கல்யாண பூட்டேஜ் போயி, கஸ்டமர் வீட்டு வாசல்ல நின்னு மன்னிப்பு கேட்டிருக்கேன். திருடணும்னு யாருக்கும் ஆசை இல்ல, வாங்குற விலைல எதுவும் இல்ல, அவ்ளோதான். இப்ப எங்கிட்ட வர்ற பசங்களுக்கு மொத நாளே கம்பெனி சைட்ல இருந்து ஒரிஜினல் சாஃப்ட்வேர இறக்கிக் குடுக்குறேன், பாடப்புத்தகமும் பயிற்சிக்கு ஃபுட்டேஜும் அவங்க சைட்லயே சும்மா கிடைக்குது. பதினெட்டு வயசு பையன் தொழில்ல மொத அடி வைக்கிறப்பவே நேர்மையா வைக்கிறான்.

யாருக்கு எது? கத்துக்குறவங்க, யூடியூப் பண்றவங்க, 8 பிட் கேமரா வச்சிருக்கறவங்க இலவசத்துலயே தாராளமா இருக்கலாம், குறையே தெரியாது. காசுக்கு வேலை எடுக்குறவங்க, மண்டபத்து இருட்டோட தினமும் மல்லுக்கட்டுறவங்க, 10 பிட் கேமராவுக்கு மாறிட்டவங்க, மூணு நாலு வேலை முடிச்சதும் அந்த காசுல ஸ்டுடியோ வாங்கிடுங்க, கடன் வாங்கி வாங்காதீங்க. எனக்கு இலவசத்துக்கு பத்துக்கு ஒம்போது, குறைச்ச ஒண்ணு 10 பிட்டுக்கு. ஸ்டுடியோவுக்கும் ஒம்போது. வாங்குறதுக்கு முன்னாடி உங்ககிட்ட இருக்குறதுலயே மோசமான கிளிப் ஒண்ண எடுத்து இலவசத்துல போட்டு, நாய்ஸ் ரிடக்‌ஷன ஏத்தி, அந்த எழுத்துக்கு பின்னாடி படம் எப்படி மாறுதுன்னு பாருங்க.